பெரிய நாய் சாப்பிடும் விதம்: எதை விட்டுவிடலாம், எதைத் திருத்த வேண்டும்

எங்கள் வீட்டில் இதுவரை மூன்று பெரிய நாய்கள் வளர்ந்திருக்கின்றன. முதலில் பீமன், கிரேட் டேன். அப்புறம் செல்லி, லாப்ரடார். இப்போது இருப்பவன் ராஜா, ஜெர்மன் ஷெப்பர்ட், ஐந்து வயது, 36 கிலோ. சாப்பாட்டு நேரத்தில் மூவருக்கும் மூன்று விதப் பழக்கம். பீமன் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்தான் என்றால் ஒரு நிமிடத்தில் கிண்ணம் காலி. செல்லி கடைசி வாயை விழுங்கிய கையோடு, காலையிலிருந்து பட்டினி கிடப்பவள் மாதிரி வந்து முன்னால் நிற்பாள். ராஜா உலர் தீவனத்தை ஒவ்வொரு வில்லையாகக் கவ்விக்கொண்டு பக்கத்து அறையில் இருக்கும் தன் விரிப்புக்குப் போவான். அங்கே கீழே போட்டு, முகர்ந்து, அப்புறம்தான் தின்பான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் ராஜாவைப் பார்த்து "இவனுக்கு ஏதாவது கோளாறா?" என்று கேட்பார்கள். பீமனைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை; "நல்லாச் சாப்பிடுறானே!" என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ராஜாவின் பழக்கத்தால் ஒரு கெடுதலும் இல்லை. பீமனின் பழக்கத்தை அன்று நான் திருத்தாமல் விட்டேன், அவனை ஆறு வயதிலேயே இழந்தேன். பெரிய நாய் வைத்திருக்கிற யாருக்கும் அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: உட்கார்ந்து பாருங்கள்

நாய்க்கு என்ன போடலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. கிண்ணத்தை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறோம், திரும்பி வரும்போது கிண்ணம் காலியாக இருக்கிறது. நடுவில் நடந்தது நமக்குத் தெரியாது.

மூன்று நாள், ஒவ்வொரு வேளையும், நாலைந்து அடி தள்ளிப் பக்கவாட்டில் உட்காருங்கள். நேர் எதிரில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் சில நாய்கள் பதறிப்போய் இன்னும் வேகமாகத் தின்னும். பேச வேண்டாம், தடவ வேண்டாம். போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓட விடுங்கள். கிண்ணம் காலியாக எத்தனை வினாடி ஆகிறது, கடிக்கும் சத்தம் கேட்கிறதா அல்லது தொண்டை மட்டும் ஏறி இறங்குகிறதா, நடுவில் ஒருமுறையாவது தலை நிமிர்கிறதா, இருமுகிறதா, முடித்தபின் முதல் பத்து நிமிடம் என்ன செய்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்தத் தாள் பின்னால் மிகவும் பயன்படும். ராஜா விஷயத்தில் எனக்குப் பயன்பட்டது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேகமாக விழுங்குவது

நாய் மெல்லாமல் விழுங்குவது இயற்கைதான். அதன் 42 பற்களில் பெரும்பாலானவை கிழிக்கவும் நறுக்கவும் அமைந்தவை. தாடை பெரும்பாலும் மேலும் கீழும்தான் அசையும். மாடு போலப் பக்கவாட்டில் அரைக்க அதற்கு வராது. நம் எச்சிலைப் போல மாவுச்சத்தைச் செரிக்கும் வேலையும் நாயின் எச்சிலுக்குக் கிடையாது. ஆகவே தொண்டையில் இறங்கும் அளவுக்குத் துண்டானால் போதும், விழுங்கிவிடும். சின்ன நாய் இப்படி விழுங்கினால் பெரும்பாலும் ஒரு விக்கலோடு போய்விடும். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்க்கு அப்படி இல்லை. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், ஜெர்மன் ஷெப்பர்ட், வைமரனர், ஐரிஷ் செட்டர் போன்ற இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம். வயிறு காற்றால் ஊதி, அப்படியே சுழன்றுவிடும். மேல் வாயும் அடைபடும், கீழ் வாயும் அடைபடும். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லை. ரத்த ஓட்டம் தடைபட்டு, சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம்.

பீமனுக்கு அதுதான் நடந்தது. இரவு ஒன்பது மணிக்கு, அன்றைக்கான மொத்தச் சாப்பாட்டையும் ஒரே வேளையாகத் தின்றான். நாளுக்கு ஒரே வேளைதான் போட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் தவறு. பத்தரைக்கு எழுந்து நடக்க ஆரம்பித்தான். படுப்பான், உடனே எழுவான். தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். வாந்தி எடுப்பது போல வயிறு குலுங்கும், கயிறு மாதிரி எச்சில் தொங்கும், வெளியே ஒன்றும் வராது. செரிக்கவில்லை போலிருக்கிறது, காலையில் சரியாகிவிடும் என்று நினைத்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு இடது விலாவுக்குப் பின்னால் விரலால் தட்டிப் பார்த்தால் மத்தளம் மாதிரி சத்தம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஈறுகள் வெளுத்திருந்தன. அறுவை மேசைவரை போனான், திரும்பி வரவில்லை.

எதுவும் வெளியே வராத அந்த வெற்றுக் குமட்டலை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு வயிறு உப்பலும், எச்சில் ஒழுகுவதும், படுக்க முடியாமல் தவிப்பதும் சேர்ந்துவிட்டால் அரை மணி நேரம்கூடப் பொறுத்துப் பார்க்காதீர்கள். வீட்டு மருந்து, சோடா, எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றே கேட்டு வைத்து, அந்த எண்ணைக் கதவில் ஒட்டிவிடுங்கள். கிளம்பும்போதே போன் செய்து "வயிறு முறுக்கியிருக்கலாம் என்று சந்தேகம்" என்று சொல்லிவிட்டால் அவர்கள் தயாராக இருப்பார்கள்.

சரி, வேகத்தைக் குறைப்பது எப்படி?

முதலில், ஒரு நாள் சாப்பாட்டை இரண்டாகவோ மூன்றாகவோ பிரியுங்கள். ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் இறங்கும் அளவு குறைந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது கிண்ணம். மேடு பள்ளமாக வளைவுகள் வைத்த ‘ஸ்லோ ஃபீடர்’ கிண்ணங்கள் நன்றாக வேலை செய்கின்றன. பெரிய நாய்க்கு அதன் வாய் அகலத்துக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள். சின்னதாக இருந்தால் வில்லையை எடுக்க முடியாமல் கோபத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடும், இல்லையென்றால் பிளாஸ்டிக்கையே கடித்துத் தின்னும். கையில் எதுவும் இல்லையா? அகலக் கிண்ணத்தின் நடுவே ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, சுற்றியுள்ள வளையத்தில் சாப்பாட்டைப் போடுங்கள். செல்லிக்கு அப்படித்தான் ஆரம்பித்தேன். 50 வினாடியில் முடிப்பவள் நாலு நிமிடம் எடுத்துக்கொண்டாள். கப்கேக் சுடும் குழித்தட்டும் இதற்கு வசதி. சிலர் கிண்ணத்தில் கல்லைப் போடச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவசரத்தில் கடித்தால் பல் உடையும், சின்னக் கல்லாக இருந்தால் உள்ளேயே போய்விடும்.

உலர் தீவனம் என்றால் தரையிலோ புல்லிலோ தூவி விடுவது இன்னும் நல்லது. மூக்கால் தேடித் தேடி எடுக்கும்போது வேகம் தானாகக் குறையும், மூளைக்கும் வேலை. ஒரு வேளைச் சாப்பாட்டை இப்படித் தேடித் தின்ற பெரிய நாய் திருப்தியாகப் போய்ப் படுப்பதைப் பாருங்கள், அப்புறம் கிண்ணத்தையே மறந்துவிடுவீர்கள்.

இன்னொரு நாய் வீட்டில் இருந்தால் இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். பக்கத்தில் போட்டி இருந்தால் எந்தக் கிண்ணம் வைத்தாலும் அது விழுங்கத்தான் செய்யும். சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது ஓட்டம், குதியாட்டம் வேண்டாம் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது.

கிண்ணத்தை உயர்த்தி வைக்கும் மேடை ஸ்டாண்டு பற்றி ஒரு வார்த்தை. உயரமான நாய் குனிந்து சாப்பிடக் கஷ்டப்படும் என்று பீமனுக்கு ஸ்டாண்டு வாங்கி வைத்திருந்தேன். வாங்கியபோது எவ்வளவு ஆசையாக வாங்கினேன்! அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வை அவன் போன பிறகுதான் படித்தேன். வயது, வேகமாகச் சாப்பிடுவது, நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இந்த வயிறு முறுக்கும் நோய் வந்திருப்பது ஆகியவற்றோடு உயர்த்தி வைத்த கிண்ணமும் அபாயத்தைக் கூட்டுவதாக அதில் இருந்தது. பெரிய இனங்களில் வந்த பாதிப்புகளில் சுமார் 20 சதவீதத்தையும், ராட்சத இனங்களில் சுமார் 52 சதவீதத்தையும் உயரக் கிண்ணத்தோடு அவர்கள் சம்பந்தப்படுத்தியிருந்தார்கள். கழுத்து மூட்டில் வலி, உணவுக்குழாய் விரிந்துபோன நோய் போன்றவற்றுக்கு மருத்துவரே உயர்த்தி வைக்கச் சொல்வார், அது வேறு. மற்றபடி கிண்ணம் தரையிலேயே இருக்கட்டும்.

கிரேட் டேன் போன்ற நாய் வைத்திருந்தால் மருத்துவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். இரைப்பையை வயிற்றின் உட்சுவரோடு வைத்துத் தைத்துவிடும் ‘கேஸ்ட்ரோபெக்ஸி’ என்ற அறுவை சிகிச்சை இருக்கிறது. கருத்தடை அறுவையோடு சேர்த்தே செய்துவிடுவார்கள். வயிறு உப்புவதை அது தடுக்காது. உயிரை எடுக்கும் முறுக்கல் வராமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடும்.

தீராத பசி

செல்லி விஷயத்துக்கு வருகிறேன். லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். காதைத் தாழ்த்தி, புருவத்தைத் தூக்கி, வாயில் ஒரு சொட்டு எச்சிலோடு நிற்கும். பிஸ்கட் பாக்கெட் சரசரத்தால் மூன்றாவது அறையிலிருந்து ஓடி வரும். பேராசை, வளர்ப்புச் சரியில்லை என்றெல்லாம் திட்டாதீர்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டுபிடித்தபடி, லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு ‘பாம்சி’ என்ற மரபணுவில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருக்கிறது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் வேலை அதனால் சரியாக நடப்பதில்லை. 2024-ல் அதே குழுவினர் இன்னொன்றும் காட்டினார்கள்: இந்த மாற்றம் உள்ள நாய்கள் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியும் சுமார் 25 சதவீதம் குறைவு. அதாவது பசி அதிகம், தேவை குறைவு. அந்த நாய் நிஜமாகவே பசியோடுதான் நிற்கிறது. நம்மை ஏமாற்றவில்லை.

அதற்காகக் கேட்டபோதெல்லாம் கொடுத்தால் அதன் ஆயுளைத்தான் குறைக்கிறோம். 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்து 2002-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. நாயின் கணக்கில் 1.8 ஆண்டு என்பது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கப்பால் அளப்பதை விட்டுவிட்டுச் சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுங்கள். அவரவர் கைக்குக் கப்பின் அளவு மாறும். காலையிலேயே அன்றைய மொத்தத்தையும் ஒரு டப்பாவில் நிறுத்து வைத்து, பயிற்சிக்கும் கொஞ்சலுக்கும் தருவதையும் அதிலிருந்தே எடுங்கள். என் மனைவி ரகசியமாகக் கொடுத்துக்கொண்டிருந்த கணக்கு இந்த டப்பா வந்த பிறகுதான் நேரானது. ட்ரீட் எல்லாம் சேர்ந்து ஒரு நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கேரட், வெள்ளரித் துண்டு, தோலுரித்து விதை நீக்கிய ஆப்பிள் கொடுத்தால் வாய்க்கு வேலையும் இருக்கும், பாரமும் ஏறாது.

எடை சரியா என்று பார்க்க விலாவில் கை வையுங்கள். உங்கள் கையை நீட்டிப் புறங்கையை மறு விரலால் தடவிப் பாருங்கள், விலா எலும்பு அப்படித் தட்டுப்பட வேண்டும். முஷ்டி மடக்கினால் மேலே துருத்தும் கணு மாதிரி இருந்தால் ஒல்லி. உள்ளங்கையின் மெத்தென்ற பாகம் மாதிரி இருந்தால் பருமன். முடி அடர்ந்த நாய்க்குக் கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது.

கவ்விக்கொண்டு போவது, கிண்ணத்துக்குப் பயப்படுவது

ராஜா செய்வது பல நாய்கள் செய்வதுதான். கூட்டமாகச் சாப்பிட்ட மூதாதைகளிடமிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம். கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஒதுங்கினால் பிடுங்க ஆளில்லை. பிறகு, நம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. ராஜாவின் விரிப்பு இருப்பது நான் உட்கார்ந்து வேலை செய்யும் மேசைக்கு அடியில். ஒருநாள் கிண்ணத்தை அங்கேயே கொண்டுபோய் வைத்தேன், கிண்ணத்திலிருந்தே தின்றான். அங்கே தரை வழுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை என்பதால் மறுபடி சமையலறைக்கு மாற்றினேன், அவன் மறுபடி நடக்க ஆரம்பித்தான். நடக்கட்டும்.

கிண்ணத்துக்கே தயங்கினால் மட்டும் காரணத்தைத் தேடுங்கள். கழுத்துப் பட்டையில் தொங்கும் தகடு எஃகுக் கிண்ணத்தில் ‘டங் டங்’ என்று மோதும் சத்தம் சில நாய்களுக்குப் பிடிப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் பட்டையைக் கழற்றுங்கள். குனிந்ததும் கிண்ணம் நகர்ந்தால் அடியில் ரப்பர் பாய் போடுங்கள். ஆழமான, குறுகலான கிண்ணத்தில் பெரிய முகம் சிக்கும். அகலத் தட்டுக்கு மாற்றுங்கள். இவற்றை எல்லாம் செய்தும் தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே கடித்தாலோ, வாயிலிருந்து வில்லை நழுவி விழுந்தாலோ பல் வலியாக இருக்கும்.

சாப்பிடும்போது உறுமுவது

உறுமல் என்பது எச்சரிக்கை. அதற்காக அடித்தால் உறுமுவதை நிறுத்திவிட்டு நேராகக் கடிக்கப் பழகும், 40 கிலோ நாயின் கடி சாதாரணம் இல்லை. ‘நான்தான் எஜமான்’ என்று காட்டக் கிண்ணத்துக்குள் கையை விடும் பழக்கமும் வேண்டாம். கிண்ணத்தில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டு, வேக வைத்த கோழி மாதிரி, எடுத்துக்கொண்டு, நாய் இறுகாத தூரத்தில் நின்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நாம் கிட்டே வந்தால் சாப்பாடு கூடும், குறையாது என்று அது புரிந்துகொள்ள வாரக்கணக்கில் ஆகும். உடல் விறைப்பதும், வெள்ளை விழி தெரியப் பக்கவாட்டில் பார்ப்பதும் குறையக் குறைய ஓர் அடி முன்னேறுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இதை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம், நாய் நடத்தை அறிந்த மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

புல், மலம், சாக்ஸ்

புல் தின்பதற்குப் பயப்படாதீர்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2008-ல் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுச் செய்த ஆய்வில், புல் தின்னும் முன் உடம்பு சரியில்லாமல் தெரிந்த நாய்கள் பத்தில் ஒன்றுகூட இல்லை. தின்றபின் வாந்தி எடுத்தவையும் நாலில் ஒரு பங்குக்குக் குறைவு. பூச்சிமருந்து அடித்த புல்லாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மலம் தின்பது நமக்கு அருவருப்பு, நாய்க்கு அப்படி இல்லை. அதே பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வின்படி ஏறக்குறைய 16 சதவீத நாய்கள் அடிக்கடி இதைச் செய்கின்றன, அதுவும் பெரும்பாலும் இரண்டு நாளுக்கு உட்பட்ட மலத்தை. இதைத் தடுக்க விற்கும் பொடிகளால் கிட்டத்தட்டப் பயனே இல்லை என்றும் அதில் தெரிந்தது. நாய் முடித்தவுடனே அள்ளிவிடுவதுதான் வழி.

சாக்ஸ், துணி, சோளக் கட்டை ஆகியவைதான் எனக்குப் பயம். பெரிய நாயின் தொண்டை பெரிது. சின்ன நாயால் விழுங்க முடியாததை அது விழுங்கிவிடும், குடலில் போய் அடைக்கும். துணி கூடைக்கு மூடி போடுங்கள். வாயில் வைத்துக்கொண்டிருந்தால் துரத்தாதீர்கள், துரத்தினால் அவசரத்தில் விழுங்கும். நல்ல ட்ரீட்டைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். உயரமான நாய்க்குச் சமையல் மேடை முகத்துக்கு நேரே இருக்கிறது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்த்த மிட்டாய், வேக வைத்த எலும்பு எதுவும் அங்கே கிடக்கக் கூடாது.

தண்ணீர் குடித்துவிட்டுத் தரையெல்லாம் நனைப்பதைத் திருத்த முடியாது. நாய் நாக்கைப் பின்பக்கமாக மடித்துத் தண்ணீரை வேகமாக மேலே இழுக்கிறது, எழும்பும் தண்ணீரை வாயை மூடிப் பிடிக்கிறது. பெரிய நாக்கென்றால் சிதறலும் பெரிது. அடியில் ஒரு துண்டு போடுங்கள். ஆனால் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா என்று கவனியுங்கள்.

குட்டியாக இருந்தால்

பெரிய இனக் குட்டிக்கு ‘எலும்பு பலம் பெற வேண்டும்’ என்று கால்சியம் மாத்திரை, பொடி எதையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். குட்டியின் குடலுக்கு அதிகப்படி கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. எலும்பு கோணலாக வளரும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரிக்கும் தீவனத்தை அளவாகக் கொடுத்து மெதுவாக வளர விடுங்கள். கொழுகொழுவென்று இருப்பது அந்த வயதில் நல்லதில்லை.

பழக்கம் மாறினால்

ராஜாவுக்கு இரண்டரை வயது இருக்கும்போது ஒரு வாரம் அவன் விரிப்புக்கே போகவில்லை. கிண்ணத்திலேயே நின்று மடமடவென்று விழுங்கினான். நல்லதுதானே என்று மனைவி சொன்னாள். தாளை எடுத்துப் பார்த்தேன்: முன்பு பன்னிரண்டு நிமிடம், இப்போது ஒரு நிமிடம். சாப்பிட்டது போதாமல் குப்பைக் கூடையைக் கவிழ்த்தான், அதுவரை இல்லாத வழக்கமாக மலத்தையும் தின்றான். இவ்வளவு தின்றும் விலா தெரிய ஆரம்பித்தது. மலம் வெளிறி, அளவில் கூடியிருந்தது. தாளோடு மருத்துவரிடம் போனேன். ரத்தப் பரிசோதனையில் கணையம் செரிமான நொதிகளைச் சுரக்கவில்லை என்று தெரிந்தது. ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு அதிகம் வரும் நோய் அது. தின்பதெல்லாம் செரிக்காமலே வெளியேற, அவன் பசியிலேயே இருந்திருக்கிறான்.

இப்போது ஒவ்வொரு வேளையும் நொதிப் பொடியைக் கலந்துதான் சாப்பாடு, ஆயுள் முழுக்க. மருந்து ஆரம்பித்துப் பத்தொன்பதாம் நாள் காலை, நான் மேசையில் இருந்தேன். நகச் சத்தம் கேட்டது. வாயில் ஒரே ஒரு வில்லையோடு ராஜா உள்ளே வந்தான். விரிப்பில் போட்டான், முகர்ந்தான், தின்றான், அடுத்ததை எடுக்கத் திரும்பி நடந்தான்.